எழுபது தொன்னை யார் இழுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். கனரக வாகனத் திருத்த வேலை படிப்பிக்கிறவன் என்ற முறையில் என்னை இன்று பேச அழைத்திருக்கிறார்கள். டாங்கி என்றால் எல்லோரும் அதன் பீரங்கியைத்தான் பார்ப்பார்கள். நான் அதன் எடையைப் பற்றியும், அது ஓடாமல் நின்றுவிட்டால் வந்து இழுக்கிற வாகனத்தைப் பற்றியும் பேசப் போகிறேன்.

மலையகத்து ஆட்களுக்கு இது அந்நியமான விசயம் இல்லை. அடைமழையில் தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி கானுக்குள் இறங்கிவிட்டால் என்ன நடக்கும்? முதலில் ஆட்கள் கூடித் தள்ளிப் பார்ப்பார்கள். அப்புறம் டிரக்டர் வரும். அதற்கும் அசையாவிட்டால் டவுனிலிருந்து பிரேக்டவுன் லொறியைக் கூப்பிட வேண்டும். அனுபவமுள்ள பிரேக்டவுன்காரர் வந்தவுடன் வின்ச்சில், அதாவது கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கிற கருவியில், கை வைக்கமாட்டார். லொறியைச் சுற்றி நடப்பார். சில்லு எவ்வளவு புதைந்திருக்கிறது, அடியில் சேறா கல்லா, கம்பி வடத்தை எந்த மரம் தாங்கும் என்று பார்ப்பார். வடத்தை மாட்டியதும் அதன் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை விரட்டுவார். வடம் அறுந்தால் சுழன்று வந்து ஆளை வெட்டிவிடும். சாக்கு அந்த வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

இதே வேலையைப் போர்க்களத்தில் செய்வதுதான் கவச மீட்பு வாகனம். பெரும்பாலும் ஒரு டாங்கியின் உடலையே எடுத்து, பீரங்கியும் அதைத் தாங்கித் திரும்பும் சுழல்கோபுரமும் இல்லாமல், ஒரு பெரிய வின்ச்சும் கிரேனும் பொருத்திக் கட்டுவார்கள். முன்பக்கம் புல்டோசருக்கு இருப்பது போன்ற இரும்புத் தகடு ஒன்று இருக்கும். வின்ச்சை இயக்கும் முன் அந்தத் தகட்டை மண்ணில் ஊன்றிக்கொள்வார்கள். ஊன்றாவிட்டால் புதைந்த டாங்கி மேலே வராது, இழுக்கிற வாகனம்தான் சேற்றை நோக்கிப் போகும்.

இவர்களிடம் ஒரு மனக்கணக்கு இருக்கிறது. டாங்கி சில்லு மட்டத்துக்குப் புதைந்திருந்தால் அதன் எடை அளவுக்கு இழுவை வேண்டும். சில்லுகளைச் சுற்றி ஓடும் இரும்புச் செயினுக்கு மேலிருக்கும் மட்காட் வரை புதைந்தால் எடையைப் போல் இரண்டு மடங்கு. சுழல்கோபுரம் வரை போய்விட்டால் மூன்று மடங்கு. 60 தொன் டாங்கிக்கு அது 180 தொன்! எந்த வின்ச்சும் தனியாக அதை இழுக்காது. அதனால் கப்பி போடுவார்கள். ஒரு கப்பி போட்டால் இழுவை ஏறத்தாழ இரட்டிக்கும், வடம் வருகிற வேகம் பாதியாகும். குண்டு விழுகிற இடத்தில் நின்று அந்தப் பாதி வேகத்துக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வேலையைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, எடைக்கு வருவோம். நம் இலங்கை இராணுவத்திடம் இருக்கிற டி-55 டாங்கி சுமார் 36 தொன். அது பழைய சோவியத் வடிவமைப்பு. அதற்கும் முன்பே, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி 57 தொன்னில் டைகர் டாங்கியைக் கொண்டுவந்தது. ஆனால் அதை இழுக்க அவர்களிடம் இருந்தவை 18 தொன் இழுவை வண்டிகள். ஒரு டைகருக்கு அப்படி மூன்று வேண்டியிருந்தது. பின்வாங்கும் நேரத்தில் மூன்றுக்கு எங்கே போவது? திருத்தினால் ஓடக்கூடிய டைகர்கள் பலவற்றை ஓட்டுநர்களே கைவிட்டு, வெடிவைத்து அழித்துவிட்டு நடந்தார்கள். பாந்தர் என்ற தங்களுடைய இன்னொரு டாங்கியின் உடலில் அவர்கள் மீட்பு வாகனம் கட்டத் தொடங்கியது 1943இல்தான்.

அந்தப் பாடம் இன்றும் முடியவில்லை. அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் 1980இல் வந்தபோது 54 தொன். கவசம் கூடியது, மின்னணுக் கருவிகள் கூடின, இப்போது 66 தொன்னுக்கு மேல். ஜேர்மனியின் லெப்பர்ட் 2 டாங்கியும் 55 தொன்னிலிருந்து அதே அளவுக்கு வந்துவிட்டது. ஏப்ரம்ஸை மீட்பதற்கென்று வைத்திருக்கும் ஹெர்குலிஸ் வாகனமே 63 தொன். ஒரு டாங்கிக்கு ஒரு ஹெர்குலிஸ் போதும் என்றுதான் அதைச் செய்தார்கள். டாங்கி மேலும் பருத்ததும், ஒன்றை இழுக்க இரண்டு ஹெர்குலிஸ் சேர வேண்டிய நிலை வந்தது. டாங்கி வாங்கும்போது எத்தனை மீட்பு வாகனம் கூட வருகிறது என்று கேட்காத இராணுவம் பாதிப் பொருளைத்தான் வாங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

2025 மார்ச் 25ஆம் திகதி லித்துவேனியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெலாரஸ் எல்லைக்குப் பக்கத்தில் பப்ராதே பயிற்சிக் களத்தில், சிக்கிக்கொண்ட வேறொரு வாகனத்தை மீட்பதற்காக நான்கு அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு ஹெர்குலிஸில் போனார்கள். வழியில் சதுப்பு நிலம். 63 தொன் வாகனம் அப்படியே அமிழ்ந்து, தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் மறைந்துவிட்டது. லித்துவேனியர்களும் போலந்துக்காரர்களும் உதவிக்கு வந்தார்கள். சேற்றை வாரி எடுத்தார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள். கண் தெரியாத சேற்றுக்குள் சுழியோடிகள் இறங்கி, தடவித் தடவி வடத்தை மாட்டினார்கள். 31ஆம் திகதி விடியற்காலையில்தான் அது வெளியே வந்தது. இழுத்தவை வேறு இரண்டு ஹெர்குலிஸ்கள். போன நான்கு பேரில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை.

செயின் இருந்தால் எங்கும் போகலாம் என்று நினைக்கிறோம். செயின் எடையைப் பரப்பிவிடும் என்பது உண்மைதான். ஏப்ரம்ஸ் நிலத்தை அழுத்துவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான். ஆனால் பாலத்திடம் அந்தக் கணக்கு செல்லாது. பாலம் முழு எடையையும் தாங்க வேண்டும். டாங்கியை ட்ரெய்லரில் ஏற்றினால் மொத்தம் 100 தொன்னைத் தாண்டிவிடும். றம்பொடை வளைவுகளில் ஒரு கொள்கலன் லொறி திரும்பப் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

மலை நாடுகள் இந்த எடையைப் பற்றி வேறு மாதிரி யோசித்திருக்கின்றன. ஜப்பானின் 50 தொன் டாங்கியை ஹொக்கைடோ தீவுக்கு வெளியே கொண்டுபோவதே பாடாக இருந்தது. அதனால் அடுத்த டாங்கியை 44 தொன்னுக்குள் அடக்கினார்கள். 1948 நவம்பர் 1ஆம் திகதி காஷ்மீரில், 11,000 அடிக்கு மேலே உள்ள சோஜிலா கணவாயில் இந்தியப் படை டாங்கிகளோடு போய் நின்றது. அவை ஸ்டூவர்ட் என்ற சின்ன டாங்கிகள், 15 தொன் அளவுதான். அப்படியும் வழிப் பாலங்கள் தாங்காது என்று சுழல்கோபுரங்களைக் கழற்றித் தனியாக ஏற்றிப் போனார்கள். கோவேறு கழுதைப் பாதையை டாங்கிப் பாதையாக வெட்டிக் கொடுத்தது மெட்ராஸ் சப்பர்ஸ் என்ற பொறியியல் படை. தென்னிந்தியப் பிள்ளைகள், வாழ்க்கையில் பனியையே பார்த்திராதவர்கள் பலர்.

சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் இருக்கிற வடிவமைப்பு நிறுவனம்தான் அர்ஜுன் டாங்கியை உருவாக்கியது. முதல் அர்ஜுன் 58 தொன், அடுத்து வந்த மார்க் 1ஏ 68 தொன். லடாக் மலைகளுக்கு வேறொன்று வேண்டும் என்றானபோது அதே நிறுவனம் சொராவர் என்ற 25 தொன் டாங்கியை வடிவமைத்தது. அதன் முதல் மாதிரி 2024 ஜூலையில் வெளியே வந்தது. அமெரிக்காவும் 2023இல், மேலும் மேலும் பொருத்திக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, எடை குறைந்த புதிய ஏப்ரம்ஸ் செய்யப் போவதாக அறிவித்தது.

எடையைக் குறைத்தால் கவசம் குறையும், உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு ஆபத்து கூடும். கூட்டினால் பாலமும் சேறும் மீட்பு வாகனமும் குறுக்கே நிற்கும். ஆவடியிலும் அமெரிக்காவிலும் பொறியியலாளர்கள் இன்று கிலோ கிலோவாகக் கணக்குப் பார்ப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.