கே.ஆர்.பி. அணையின் மேல் அடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

"கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டம் 50 அடி" என்று செய்தியில் சொன்னதுமே நம் ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். மொத்தம் 52, இன்னும் இரண்டு அடிதானே! கே.ஆர்.பி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் கிருஷ்ணகிரி அணையின் அந்த இரண்டு அடியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வீட்டுத் தொட்டியில் பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர். அணை அப்படியில்லை. அது வாணலி மாதிரி. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். வாணலியின் அடியில் ஓர் அங்குலம் ஏற ஒரு கரண்டித் தண்ணீர் போதும். விளிம்புக்கிட்டே அதே அங்குலத்துக்கு எத்தனையோ கரண்டி ஊற்ற வேண்டும்.

மேட்டூரைப் பாருங்கள். நிரம்பினால் 120 அடியில் 93.47 டி.எம்.சி. தண்ணீர்; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 100 அடிக்கு இறங்கினால் மிஞ்சுவது 65 டி.எம்.சி. அளவுதான். உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, தண்ணீரில் பத்துக்கு மூன்று பங்கு போய்விட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நிரம்பிய மேட்டூரின் மேல் ஓரடியில் மட்டும் ஒன்றரை டி.எம்.சி. இருக்கிறது. நம் கே.ஆர்.பி. அணையின் மொத்தக் கொள்ளளவே 1.66 டி.எம்.சி.தான்.

அதற்காக நம் அணையைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். தென்பெண்ணையின் குறுக்கே கட்டி, 1957-ல் காமராஜர் திறந்துவைத்த அணை இது. இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களில் பாசனம் பெறுவது 9,012 ஏக்கர். அணை நிரம்பியிருக்கும்போது அந்தத் தண்ணீர் முழுவதையும் இத்தனை ஏக்கரிலும் பரப்பினால் நாலேகால் அடி உயரம் நிற்கும். கால்வாயில் ஊறிப்போவது, வெயிலில் ஆவியாவது எல்லாம் அதற்குள்தான். ஆகவே நெல்லுக்கு அது தாராளமில்லை, அளந்து வைத்த தண்ணீர். அப்புறம் வண்டல் வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மணல், ஆறு நுழையும் தலைப்பிலேயே தங்கிவிடும், மெல்லிய சேறு கரைவரை வந்து படியும்.

சரி, அந்த மேல் அடிகளைப் பிடித்து நிறுத்துவது எது? கீழே இருப்பதைச் சுவர் தாங்குகிறது, மேலே இருப்பதை எட்டு மதகுகளின் ஷட்டர்கள் தாங்குகின்றன. 2017 நவம்பர் கடைசியில் முதல் மதகின் ஷட்டர் உடைந்தபோது அணை நிறைந்திருந்தது. உடைந்தது எட்டில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு வழியாகவே, மதகின் அடிமட்டத்துக்கு மேலே நின்ற தண்ணீர் எல்லாம் போய்விடும். போனது வாணலியின் அகலமான பகுதி. கரையில் நின்று அதைப் பார்த்த விவசாயிகளின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. பிறகு புதிய ஷட்டர்கள் வந்தன.

உடைப்பு கண்ணுக்குத் தெரியும். ஷட்டர் ஓரத்து ரப்பர் தேய்ந்து ஒழுகுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விநாடிக்குப் பத்து கன அடி கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாளில் 8.64 கோடி கன அடி. நம் அணையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 450 ஏக்கருக்குச் சேர வேண்டிய தண்ணீர்.

வணக்கம்.