படைத்தளத்து டவரிலிருந்து பயணிகள் விமான நிலையத்துக்கு

அவையோருக்கு வணக்கம்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் இன்னும் சில மாதங்களில் சீருடையைக் கழற்றிவிட்டு, பயணிகள் விமானங்களுக்கான கட்டுப்பாட்டு அறையில் ஹெட்செட் மாட்டப்போகிறவர்கள். ரேடார் பார்க்கவும், ஒவ்வொரு விமானத்துக்குமான குறிப்புச் சீட்டான ஸ்ட்ரிப்பை எழுதவும் உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படைத்தளத்தில் சரியாக இருந்த சில பழக்கங்களை இங்கே விட வேண்டியிருக்கும். அதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதற்கு முன் காகித வேலை. ஐகாவோவின் (பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) முதலாம் இணைப்புப்படி கட்டுப்பாட்டாளர் உரிமம் வேறு, எந்த வகைக் கட்டுப்பாட்டுப் பணியைச் செய்யலாம் என்று சொல்லும் ரேட்டிங் வேறு. ஓடுபாதையைக் கவனிக்கும் டவருக்கு ஒரு ரேட்டிங். நிலையத்தை நெருங்கும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களைக் கவனிக்கும் அப்ரோச்சில் ரேடார் இல்லாமல் ஒன்று, ரேடாரோடு ஒன்று. நெடுவழியில் பறப்பவற்றைக் கவனிக்கும் ஏரியாவுக்கும் அப்படியே இரண்டு. ரேடாரைப் பார்த்து விமானியைக் குரலாலேயே ஓடுபாதைவரை வழிநடத்தும் பிஏஆர் (துல்லிய அணுகல் ரேடார்) இறக்கத்துக்குத் தனியாக ஒன்று. ஆகவே ‘பத்தாண்டு ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அனுபவம்’ என்று மொத்தமாக எழுதிய சான்றிதழ் உதவாது. எந்த யூனிட், எந்தப் பொசிஷன், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், நேரடிப் போக்குவரத்தா சிமுலேட்டரா என்று பிரித்து எழுதி, பணியில் இருக்கும்போதே கையொப்பம் வாங்கிவிடுங்கள். யூனிட் கலைந்த பிறகு பழைய பதிவைத் தேடி அலைவது பெரும்பாடு. பிஏஆர் கணக்கு மணியில் இல்லை, எண்ணிக்கையில்: 200 அப்ரோச். அதில் சிமுலேட்டரில் 100க்கு மேல் கூடாது. ரேட்டிங் கேட்கும் யூனிட்டில், அங்குள்ள கருவியிலேயே 50 முடித்திருக்க வேண்டும்.

போர் விமானங்களை இடைமறிப்புக்கு வழிநடத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் திறமை பெரிது. ஆனால் நீங்கள் செய்தது இரண்டு விமானங்களை ஒன்றையொன்று நோக்கிக் கொண்டுபோகும் வேலை. இந்த ரேட்டிங்குகள் அளப்பது விமானங்களைப் பிரித்து வைக்கும் வேலையை. அந்த மணிகளை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அடிப்படைப் பயிற்சியிலிருந்தே தொடங்கத் தயாராக இருங்கள்.

இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரேட்டிங்கைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அதிகபட்சம் ஆறு மாதத்தில் அது செல்லாததாகிவிடும். நாட்டுக்கு நாடு அந்தக் காலம் இன்னும் குறையலாம். கட்டுப்பாட்டாளருக்கான மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றின் ஆயுள் 48 மாதம். நாற்பது வயது தாண்டினால் 24, ஐம்பது தாண்டினால் 12. வானொலித் தொடர்புக்கான மொழித் தேர்வில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். நான்கிலேயே நின்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

உரிமம் கைக்கு வந்தாலும் அன்றே தனியாக மைக்கைத் தொட முடியாது. ரேட்டிங் இடத்தோடு கட்டுண்டது. டவர் என்றால் அந்த யூனிட்டில் மேற்பார்வையில் 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், இரண்டில் எது அதிகமோ அது. அப்ரோச், ஏரியா என்றால் 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம். ஏற்கெனவே வேறு பிரிவில் ரேட்டிங் வைத்திருப்பவருக்கு இதைக் குறைக்கலாமா என்று உரிமம் தரும் அமைப்பு முடிவு செய்யும்.

சரி, பழக்கங்களுக்கு வருகிறேன். முதலாவது இடைவெளி. படைத்தளத்தில், அணிவகுத்துச் சேர்ந்து பறக்கும் ஒரு ஃபார்மேஷனை ஒரே விமானமாகக் கணக்கிடுகிறீர்கள். உள்ளே அவர்களுக்குள்ளான தூரம் தலைவரின் பொறுப்பு. ஓடுபாதைக்கு மேல் வந்து ஒவ்வொருவராகச் சட்டென்று வளைந்து பிரிந்து (இதைத்தான் ‘பிரேக்’ என்கிறோம்) சில நொடி இடைவெளியில் வரிசையாக இறங்குவார்கள். கண் அந்த நெருக்கத்துக்குப் பழகிவிடுகிறது. இங்கே கனரக விமானத்தின் பின்னால் நடுத்தர வகை வந்தால், முன்விமானம் கிளப்பும் சுழல்காற்றுக்காக 5 கடல்மைல், இலகு வகை வந்தால் 6. திரையில் அது வீணாகக் கிடக்கும் இடமாகத் தெரியும். காற்றில் அது இறக்கையைப் புரட்டிப்போடும் சுழல். இடம் கிடக்கிறதே என்று நெருக்க வேண்டாம்.

அந்த 5 மைலைக் கடைசிவரை காப்பது எப்படி? முன்னால் போகிற விமானம் வேகத்தை 135 நாட்டுக்கு (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) குறைத்துவிட்டது, பின்னால் வருவது இன்னும் 180இல் இருக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 45 நாட். அதாவது நிமிடத்துக்கு முக்கால் மைல் சுருங்கும். நீங்கள் சரியாக 5 மைலில் டவரிடம் ஒப்படைத்தால், ஒரு நிமிடத்தில் அது நாலேகால். இறுதிப் பாதையில் 20 நாட்டுக்கு மேல் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கக் கூடாது. ஓடுபாதை முனைக்கு 4 மைல் முன்பே வேகக் கட்டுப்பாட்டை விட்டுவிட வேண்டும். எனவே சுருங்கப்போவதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஆறு மைலிலாவது வரிசைக்குள் விடுங்கள். பயணிகள் ஜெட்டிடம் ‘வேகமாக இறங்கு, கூடவே வேகத்தையும் குறை’ என்று சொன்னால் அதனால் இரண்டையும் செய்ய முடியாது. ஒன்றை முதலில் கேளுங்கள், மற்றதைப் பிறகு. ஸ்பீட் பிரேக் விரித்துச் சட்டென்று வேகத்தைக் குறைக்கிற போர் விமானத்தின் நினைவில் கட்டளை கொடுப்பதுதான் பயிற்சிக் காலத்தின் முதல் வாரங்களில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

இரண்டாவது உயரமானி. சில படைகளில் இறக்கத்துக்கு, ஓடுபாதையிலிருந்து உள்ள உயரத்தைக் காட்டும் அழுத்த எண்ணான க்யூஎஃப்இ தருவது வழக்கம். சிவில் உலகில் பெரும்பாலும், கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்தைக் காட்டும் க்யூஎன்எச். 900 அடி உயரத்தில் உள்ள ஓடுபாதைக்கு, க்யூஎஃப்இ வைத்து 2,000 அடி காட்டுகிற விமானமும் க்யூஎன்எச் வைத்து 3,000 அடி காட்டுகிற விமானமும் உண்மையில் நூறே அடி இடைவெளியில் பறக்கின்றன. கட்டுப்பாட்டாளர் எண்ணுவதோ ஆயிரம் அடி. எண்ணோடு எதன்படி என்பதையும் சொல்லுங்கள். திரும்பச் சொல்லும்போதும் அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் கவலை தருவது, காது. பிஏஆரில் குரலால் இறக்கும் டாக்-டவுனில் விமானியைப் பதில் சொல்ல வேண்டாம் என்கிறோம். தளத்தில் ஒருவரையொருவர் குரலால் அறிவோம், அரைச் சொல் போதும். இங்கே ஓடுபாதை, உயரம், திசை, வேகம், உயரமானி எண், டிரான்ஸ்பாண்டர் எண் எல்லாவற்றையும் விமானி திரும்பச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த ஸ்ட்ரிப்பை எழுதிக்கொண்டிருந்தால் தவறான எண் காதைத் தாண்டிப் போய்விடும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ‘டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று ஒரு விமானம் சொன்னதற்கு டவரிலிருந்து வந்த முதல் சொல் ‘ஓகே’. தொடர்ந்து வந்த ‘காத்திருங்கள்’ இன்னொரு விமானத்தின் குரலோடு மோதி இரைச்சலாகிவிட்டது. இன்று ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் அனுமதி தரவும் அதை ரத்து செய்யவும் மட்டுமே. மற்றெல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. இது சடங்கு இல்லை.

விமானங்கள் மோதாமல் விமானியை எச்சரிக்கும் கருவியான டிகாஸ் பற்றிச் சுருக்கமாக. பல போர் விமானங்களில் அது இல்லாததால் அதனுடன் வேலை செய்த பழக்கம் உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். விமானி ‘டிகாஸ் ஆர்ஏ’ (ஏறவோ இறங்கவோ கருவி கட்டளையிடுகிறது) என்று சொன்னால் உங்கள் பதில் ‘ரோஜர்’ மட்டுமே. அவர் ‘கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ (மோதல் ஆபத்து நீங்கியது) சொல்லும்வரை ஏறு, இறங்கு என்று எதுவும் சொல்லக் கூடாது. 2002இல் ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே ஒரு விமானத்திடம் கருவி ‘ஏறு’ என்றது, கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்றார், அந்த விமானி கட்டுப்பாட்டாளர் சொன்னதைச் செய்தார். இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள்.

கடைசியாக, பக்கத்து நாற்காலி. உங்கள் பயிற்றுநர் உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம். அறையில் தோள்பட்டை நட்சத்திரம் யாருக்கும் இல்லை. அவர் ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்றால் அந்த நொடியிலேயே மைக்கை விடுங்கள், வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும். விளக்கம், வாதம் எல்லாம் ஷிஃப்ட் முடிந்த பிறகு. அன்றிரவே அந்தச் சூழலை, எந்த விமானம் எங்கே இருந்தது, எதை எப்போது சொன்னீர்கள் என்று வரைந்து வைத்து, மறுநாள் அவரிடம் காட்டிக் கேளுங்கள்.