ஏழு பெட்டிகள், மூன்று காவலர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலை கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்கள். திங்கட்கிழமை காலை ஆவலோடு வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளருக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947-இல் நேர்ந்தது இதுதான். அங்கிருந்த கணிப்பொறி ரிலேக்களால், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளால் ஆனது. எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அதற்கு விவரம் உண்டு. வார நாட்களில் என்றால் ஆட்கள் வந்து சரிசெய்வார்கள். சனி, ஞாயிறில் ஆள் கிடையாது. இயந்திரம் அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்தவருடைய வேலைக்குப் போய்விடும்.

நானாக இருந்தால் மேலதிகாரிக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதியிருப்பேன். ஹாமிங்கின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் ஏன் தெரியக்கூடாது? தெரிந்தால் தானே திருத்திக்கொள்ளலாமே!

அதற்கு அவர் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். வானொலியில் படம் காட்ட முடியாது. கையருகில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஏழு பெட்டிகள் வரைந்து, 1 முதல் 7 வரை எண் போடுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பூஜ்ஜியமோ ஒன்றோ வரும். நாம் அனுப்ப வேண்டிய செய்தி 3, 5, 6, 7 ஆகிய நான்கு பெட்டிகளில். மீதமுள்ள 1, 2, 4 மூன்றும் காவலர்களுக்கு. 1-ஆம் பெட்டிக் காவலர் 1, 3, 5, 7-ஐக் கவனிப்பார். 2-ஆம் பெட்டிக்காரர் 2, 3, 6, 7-ஐ. 4-ஆம் பெட்டிக்காரர் 4, 5, 6, 7-ஐ. தன் பொறுப்பில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஒவ்வொருவரும் தம் பெட்டியை நிரப்பிக்கொள்வார்.

போகும் வழியில் ஆறாம் பெட்டி மாறிவிட்டது என்று வையுங்கள். முதல் காவலருக்கு அதில் சம்பந்தமில்லை, பேசாமல் இருப்பார். மற்ற இருவருக்கும் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும், கை தூக்குவார்கள். கை தூக்கியவர்களின் பெட்டி எண்களைக் கூட்டுங்கள்: இரண்டும் நான்கும் ஆறு. திருடன் அகப்பட்டான்!

கல்லூரியில் இதை எனக்கு வெறும் சூத்திரமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பெண் வந்தது, அழகு கண்ணில் படவில்லை.

காப்புரிமை வேலைகளால் தாமதப்பட்டு, 1950 ஏப்ரலில்தான் இந்த முறையைப் பற்றிய ஹாமிங்கின் கட்டுரை அச்சேறியது. 1968-இல் அவருக்குக் கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருது. இன்றைய சர்வர் கணிப்பொறிகளின் நினைவகத்தில் வேலை செய்வதும் இந்த முறையின் வாரிசுகள்தான்.

மனிதர் பழகுவதற்குக் கொஞ்சம் கரடுமுரடானவர். ஆய்வக உணவகத்தில் வேதியியலாளர்களின் மேசையில் போய் உட்கார்ந்து, "உங்கள் துறையின் முக்கியமான கேள்விகள் எவை?" என்று விசாரிப்பார். ஒரு வாரம் கழித்து, "நீங்கள் இப்போது பார்க்கும் வேலை அவற்றில் எது?" என்பார். அடுத்தது, "முக்கியமில்லாத வேலையை ஏன் பார்க்கிறீர்கள்?" சாப்பிடும் இடத்தில் கேட்கிற கேள்வியா இது? அந்த மேசையில் அதன்பின் அவருக்கு வரவேற்பில்லை. 1986-இல் ஆற்றிய ஓர் உரையில் இதை அவரே சொல்கிறார். அவர்களில் ஒருவர் மட்டும் மாதங்கள் கழித்து வந்து, அந்தக் கேள்வி கோடை முழுவதும் தன்னைக் குடைந்தது என்றாராம். சீக்கிரமே துறைத் தலைவரும் ஆனார்.

முக்கியமான கேள்வி என்றால் பெரிய கேள்வி என்று ஹாமிங் சொல்லவில்லை. காலப் பயணம் பெரிய விஷயம்தான். ஆனால் அதைத் தொடங்க ஒரு பிடி வேண்டுமே. பிடி கிடைக்காதவரை அது முக்கியமான கேள்வி ஆகாது என்பது அவர் கணக்கு. அவருக்குக் கிடைத்த பிடி, பிழையைக் கண்டதும் வேலையைப் போட்டுவிட்டுப் போகும் அந்த ரிலே இயந்திரம்.

தாளை இன்னும் மடித்துவிடாதீர்கள். ஒரே சமயத்தில் 3-ஆம் பெட்டியும் 5-ஆம் பெட்டியும் கெட்டால் என்ன ஆகும்? முதல் காவலரிடம் இரண்டு மாற்றங்கள்; எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும், பேசமாட்டார். மற்ற இருவரும் கை தூக்குவார்கள். ஒரு பாவமும் அறியாத ஆறாம் பெட்டி மாட்டிக்கொள்ளும். ஹாமிங்குக்கு இது தெரியாமல் இல்லை. திருத்த முடியாவிட்டாலும் ஏமாறாமல் இருக்க, எட்டாவதாக ஒரு பெட்டியைச் சேர்த்தார். அதில் என்ன போட வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வணக்கம்.