விடுதி மாணவர்களுக்கு ஒரு சபை

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவில், தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்து மதுரைக் கல்லூரி விடுதிகளில் தங்கியிருக்கும் கிறிஸ்தவ மாணவ மாணவியரிடம் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், உங்களுக்கு இங்கே என்ன உரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, ஒரு பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள பகுதியின்) எல்லைக்குள் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்துவிட்டாலே அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தைதான். விடுதி எந்தப் பங்கில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் சொந்த ஊர் குருவானவரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கி வாருங்கள். ஞானஸ்நானமும், திருவிருந்தில் பங்குபெறுவதற்கான திடப்படுத்தலும் பெற்றவர் என்று அதில் எழுதியிருக்கட்டும்.

எந்தக் கோயிலுக்குப் போவது? நரிமேட்டில் சி.எஸ்.ஐ. பேராலயம், கீழவெளி வீதியில் வியாகுல அன்னை பேராலயம், இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் பெரிய கோயிலில் புதுமுகம் வந்ததும் தெரியாது, வராததும் தெரியாது. விடுதியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சின்னக் கோயில் இருந்தால் அதையே நான் சொல்வேன். இரண்டு பஸ் மாறிப் போகும் பழக்கம் ஜூலையில் நடக்கும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வந்ததும் நின்றுவிடும்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, தோழிகளோடு வாரம் ஒரு கோயிலாகச் சுற்றுவது. நல்ல பாட்டும் நல்ல பிரசங்கமும் கிடைக்கும், உங்கள் பெயர் தெரிந்த ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். நான்கு ஞாயிறு ஒரே கோயிலில் உட்காருங்கள். பல சி.எஸ்.ஐ. சபைகளில் அப்பமும் இரசமும் வழங்கும் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறுதான். நான்கைந்து வாரம் போனால்தான் அந்தச் சபை முழுதாகத் தெரியும். ஆசீர்வாதம் முடிந்ததும் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடாதீர்கள். குருவானவர் வாசலில் கைகுலுக்கும்போது பெயர், ஊர், கல்லூரி, விடுதி நான்கையும் சொல்லுங்கள். அடுத்த வாரமும் சொல்லுங்கள். ஒரே தடவையில் நினைவிருக்காது, அதற்காக மனம் சுணங்க வேண்டாம்.

பிறகு ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை செய்கிறவர்தான் சபையில் சீக்கிரம் ஒட்டுவார். பாடகர் குழுவில் சேர்ந்தால் சனிக்கிழமை மாலைப் பயிற்சி இருட்டும்வரை போகலாம். விடுதிக் கதவு சாத்தும் நேரத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், வார்டனுக்குக் கோயிலிலிருந்து ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஞாயிறுப் பள்ளி நல்லது. பிள்ளைகளோடு பழகினால் அவர்கள் வீட்டாரும் பழகிவிடுவார்கள், ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது கோடை விடுமுறையில் நடக்கும், நீங்கள் ஊரில் இருப்பீர்கள். ஞாயிறு காலை வர முடியாத கத்தோலிக்க மாணவருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனுக்குச் செல்லும்.

கல்லூரி வாசலில் அன்பாகப் பேசி ஜெபக் கூட்டத்துக்கு அழைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் 'அப்பா அம்மாவிடம் சொல்லாதே', 'தேர்வை விட்டு உபவாசம் இரு', 'மெஸ் பணத்தில் தசமபாகம் கொடு', இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்; வார்டனிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.

கடைசியாக, மதுரைக்கே உரிய ஒன்று. பரிசுத்த வாரமும் சித்திரைத் திருவிழாவும் சில ஆண்டு நெருங்கி வரும். 2019 ஏப்ரல் 19 அன்று பெரிய வெள்ளியும் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஒரே நாள். அப்படி வரும் ஆண்டில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் பஸ் ஓடாது. மார்ச்சிலேயே காலண்டரைப் பார்த்து, அந்த நாட்களுக்கு நடந்தே போகக்கூடிய கோயில் எது என்று உங்கள் குருவானவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.