சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டும் மனைகளில் வழக்கமாக நடக்கும் ஒரு காட்சி. கயிறு கட்டி, மூலைமட்டம் பார்த்து, சுண்ணாம்புப் பொடியால் அறைகளுக்குக் கோடு போட்டாயிற்று. மறுநாள் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்ட வேண்டும். வீட்டுக்காரர் வந்து கோட்டுக்குள் நின்று பார்க்கிறார். முகம் சுருங்குகிறது. "பத்துக்குப் பன்னிரண்டு என்றீர்களே, கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது போலிருக்கே!" டேப்பைப் பிடித்து அளந்து காட்டினாலும் மனம் ஆறாது. பக்கத்துக்கு ஒரு அடி கூட்டச் சொல்வார். விவரமான மேஸ்திரி கோட்டைத் தொடமாட்டார். "சுவர் எழும்பட்டும், அப்புறம் சொல்லுங்க" என்பார். சுவர் தலைக்கு மேலே போனதும் அதே அறை விரிந்துவிடும்.

ஒரு அங்குலம்கூட மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? வெறும் மனையில் அந்தப் பத்தடிக்கு ஒப்பாக நிற்பவை பக்கத்துத் தென்னைமரமும் மேலே கிடக்கும் ஆகாயமும். சுவர் எழும்பி அவற்றை மறைத்த பிறகு, அளவுகோலாக மிஞ்சுவது நம் உடம்பு ஒன்றுதான்: நீட்டிய கை, எட்டு வைக்கும் கால், சுவரில் பட்டுத் திரும்பும் குரல். அஸ்திவாரக் குழிக்கு 'வானம்' என்று பெயர் வைத்த கொத்தனார் யாரோ, அவருக்கு இந்தச் சங்கதி தெரிந்திருக்க வேண்டும்.

இடம் என்பது என்ன என்ற இதே கேள்வியை வைத்துக்கொண்டு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிய வழக்கே நடந்தது. பொருள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இடம் என்ற ஒன்று தனியாக இருக்கும் என்பது நியூட்டன் பக்கம். பொருள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் முறைக்குத்தான் இடம் என்று பெயர், அவற்றை எடுத்துவிட்டால் இடமும் போய்விடும் என்பது ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் பக்கம். 1715, 1716 ஆண்டுகளில் நியூட்டன் சார்பில் சாமுவேல் கிளார்க் என்பவரும் லைப்னிட்ஸும் கடிதத்திலேயே மோதிக்கொண்டார்கள். இயற்பியலில் யார் வென்றார் என்பது வேறு விவகாரம். கட்டடத்தில், சதுரடிக் கணக்கில் வீடு விற்பவர்கள் எல்லாரும் நியூட்டன் கட்சி. சுவர் எழும்பட்டும் என்று காத்திருக்கும் மேஸ்திரி லைப்னிட்ஸ் கட்சி. என் ஓட்டு மேஸ்திரிக்கு.

நம் மொழியில் 'இல்' என்ற ஒரே ஒலி மூன்று வேலை பார்க்கிறது. அது வீட்டுக்குப் பெயர். ஊரில், மரத்தில் என்று இடத்தைக் காட்டும் உருபு. இல்லாமையைச் சொல்லும் சொல்லும் அதுதான். கட்டுகிற தொழிலில் இருப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றாகத்தான் வந்து சேரும். காசு கொடுப்பது செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும். குடியிருப்பது செங்கல் இல்லாத இடத்தில். அந்த இல்லாத இடத்துக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பதில், அர்த்தத்தை மேலே எழுதி ஒட்டுவது. அமெரிக்காவில் லாங் ஐலண்ட் பகுதியில் வாத்து வளர்த்து விற்ற ஒருவர் 1931இல் தன் கடையையே பெரிய வாத்து வடிவில் கான்கிரீட்டில் கட்டினார். கண்ணும் அலகும் உண்டு, வயிற்றுக்குள் கடை. பிற்காலத்தில் ராபர்ட் வென்சுரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன் என்ற இரு கட்டடக்கலைஞர்கள், கட்டடமே அடையாளச் சின்னமாக நின்றுவிடும் எல்லாவற்றுக்கும் 'வாத்து' என்றே பெயர் வைத்தார்கள். தாமரை வடிவ மண்டபமும் புத்தக வடிவ நூலகமும் நம் பக்கத்து வாத்துகள். சாலையில் போகிறவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும், அதில் குறையில்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தவருக்குத் தாமரையும் தெரியாது, வாத்தும் தெரியாது. அவருக்குத் தெரிவது கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம், முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பவைதான்.

ஆகவே வாசலுக்கு வருவோம். பழைய வீட்டின் தலைவாசல் நிலையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்றைய கதவு ஏழடி. பழைய நிலைகளில் பலவும் ஐந்தரை, ஐந்தே முக்கால் அடிதான். கீழே நிலைப்படி நான்கிலிருந்து ஆறு அங்குலம் எழும்பி நிற்கும். உள்ளே நுழைகிறவர் தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் கண் படியைப் பார்க்கும். கால் தூக்க வேண்டும். கை தானாக நிலையைப் பிடிக்கும். இரண்டு வினாடிகூட ஆகாது, அதற்குள் தெருவில் நடந்த வேகம் போய்விடுகிறது. 'இது வேறு இடம்' என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. உடம்பு அதைச் செய்து முடித்துவிட்டது.

1951 ஆகஸ்டில் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் கட்டடக்கலைஞர்கள் கூடிய அவையில் தத்துவவாதி ஹைடெக்கர் பேசினார். போரில் நகரங்கள் இடிந்து, வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம். எல்லை என்பது ஒரு பொருள் முடிகிற இடமில்லை, அது தன் இருப்பைத் தொடங்குகிற இடம் என்று கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள் என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று. கேட்க மிரட்டலாக இருக்கும். வாசற்படியைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை.

இந்த நிலைப்படியை இன்று போலி செய்கிறவர்கள் ஒரு அங்குல உயரத்துக்குக் கிரானைட் பட்டை பதிக்கிறார்கள். அதுதான் ஆபத்து. ஒரு அங்குலம் கண்ணுக்குத் தெரியாது, கால்விரலுக்கு மட்டும் தெரியும். ஒன்று சமதளமாக விடவேண்டும், இல்லையென்றால் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல், தரையிலிருந்து மாறுபட்ட நிறத்தில் வைக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு ஆறு அங்குலப் படி அர்த்தமுள்ள எல்லையாகத் தெரியாது, அடைத்த கதவாகத்தான் தெரியும். ஆறு அங்குலம் ஏற ஆறடி நீளச் சரிவு வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கு. அதற்கு இடமில்லாத வீட்டில் படியை எடுத்துவிட்டு, அதே நிதானத்தை வேறு வழியில் தரலாம். வாசலுக்கு உள்ளே நான்கடி அகலத்தில் ஒரு நடை, அதற்கு ஏழரை அடியில் தாழ்ந்த கூரை, தாண்டியதும் பத்தரை அடிக் கூடம். பத்தரை அடி என்பது அப்போதுதான் பத்தரை அடியாகத் தெரியும். வீடு முழுக்க ஒன்பது அடியில் ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால் எதுவும் உயரமில்லை, எதுவும் தாழ்வுமில்லை.

திண்ணை கதையும் இப்படித்தான். புது வீடுகளின் முகப்பில் திண்ணை திரும்ப வந்திருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை. ஏன்? இரண்டரை அடி உயரத்தில் கட்டினால் கால் தொங்கும். பதினாறு, பதினெட்டு அங்குலம் போதும். காலை மடக்கி உட்கார மூன்றடி ஆழமாவது வேண்டும், ஒன்றரை அடி ஆழத்தில் கட்டினால் அது பூத்தொட்டி வைக்கத்தான் ஆகும். மேலே இறவாரம் ஆறரை அடிவரை இறங்கிவந்தால் மாலை வெயில் தடுபடும். பத்தடி உயரத்தில் இரண்டடி நீட்டிய கான்கிரீட் சன்ஷேடு மேற்கு வெயிலை ஒன்றும் செய்யாது. அதன் கீழே பாலிஷ் போட்ட கருங்கிரானைட்டையும் பதித்துவிட்டால் நான்கு மணிக்கு அதில் அப்பளம் காய வைக்கலாம். திண்ணை வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவான இடம் என்று கட்டுரைகளில் படிக்கிறோம். அந்தப் பொதுத்தன்மை இந்த அங்குலங்களில்தான் இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் 1 லக்ஸ். கோபுர வாசலிலிருந்து கருவறை தீபத்துக்கு நடப்பது என்றால் இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பது. கண்ணின் பாவை சில வினாடிகளில் விரிந்துவிடும்; விழித்திரை இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். பிராகாரம், மண்டபம், அர்த்தமண்டபம் என்று வரிசையாகக் கூரை தாழ்ந்து வெளிச்சம் குறைந்துகொண்டே போவது கண்ணுக்குத் தரப்படும் அவகாசம். அந்த நடையின் முடிவில்தான் ஒற்றைத் தீபம் கல்லின் முகத்தைக் காட்டுகிறது. இதற்கு நடுவே, உபயதாரர் பெயர் எழுதிய டியூப் லைட்டை அர்த்தமண்டபத்தில் மாட்டினால், அதுவரை பழகிய கண் பழையபடி சுருங்கிக்கொள்ளும். தீபம் மங்கும். உடனே கருவறைக்குள்ளும் ஒரு விளக்கு வேண்டும் என்று தோன்றும். மின்விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. படி தெரிய வேண்டும், கூட்டம் பாதுகாப்பாக நகர வேண்டும். விளக்கைக் கண்மட்டத்துக்குக் கீழே, குமிழ் தெரியாமல் மறைத்து, மஞ்சள் நிறத்தில் வைத்து, ஒவ்வொரு மண்டபத்திலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் என்று இறக்கிக்கொண்டே போனால் இரண்டும் நடக்கும்.

ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகே இபராகியில் கட்டடக்கலைஞர் தடாவோ ஆண்டோ கட்டிய சிறிய தேவாலயம் 1989இல் முடிந்தது. கான்கிரீட் பெட்டி போன்ற கூடம். பீடத்துக்குப் பின்சுவரில் சிலுவை இல்லை. சிலுவை வடிவில் சுவரில் வெட்டு விட்டிருக்கிறது. வெளி வெளிச்சம் அதில் நுழையும்போதுதான் சிலுவை உண்டாகிறது. அந்த வெட்டுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்பது ஆண்டோவின் விருப்பம். குளிர் தாங்காது என்பதால் கண்ணாடி வந்தது. இதைப் பார்த்துவிட்டு நம் ஊர் பூஜையறைச் சுவர்களில் ஓங்கார வடிவில் வெட்டு விடுகிறார்கள், எதிர்ச்சுவரில் ஆறடி ஜன்னலையும் வைத்துவிடுகிறார்கள். சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் வெட்டு எழுத்தாகும். வெளிச்சமான அறையில் அது காற்றுவரும் ஓட்டை.

வெறுமையைக் காட்டுவதில் சிதம்பரத்தை மிஞ்ச ஒன்றில்லை. நடராசர் சந்நிதியில் ஒரு பக்கம் திரை. திரை விலகினால் சுவரில் தொங்கும் பொன் வில்வ இலைச் சரங்கள். வேறு உருவம் இல்லை, ஆகாயமே லிங்கம் என்பது மரபு. கட்டடக்காரரின் கண்ணால் பார்த்தால் இங்கே வெறுமைக்கு நான்கு காவல் போட்டிருக்கிறார்கள்: படி, இருள், திரை, நேரம். படி ஏற வைக்கிறது, இருள் கண்ணை ஒடுக்குகிறது, திரை காக்க வைக்கிறது, தீபாராதனை சில கணங்களில் முடிந்துவிடுகிறது. திரையை நாள் முழுக்கத் திறந்து போட்டால் தெரிவது சுவர். மேலே பொன் ஓடுகள் 21,600, ஒரு நாளில் மனிதர் விடும் மூச்சின் கணக்கு என்பார்கள். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

வீட்டில் இதற்கு ஒப்பான வெறுமை முற்றம். வீட்டின் நட்டநடு இடத்தை யாருக்கும் ஒதுக்காமல் விட்டிருக்கிறார்கள். நிலமும் பொழுதும் சேர்ந்ததே பாட்டுக்கு அடிப்படையான முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. முற்றத்தில் அது கண்கூடு. வெயில் துண்டு எந்தத் தூணைத் தொடுகிறது என்று பார்த்தே உலை வைத்த காலம் உண்டு. இன்று முற்றத்தைக் கட்டிவிட்டு, மழைக்கும் குரங்குக்கும் பயந்து மேலே பாலிகார்பனேட் ஷீட்டை மூடுகிறார்கள். ஷீட் வெயிலை உள்ளே விடும், சூடான காற்றை வெளியே விடாது. முற்றம் அடுப்பாகிவிடும். மூடித்தான் ஆகவேண்டும் என்றால் ஷீட்டை ஓட்டு விளிம்பிலிருந்து ஒன்றரை அடியாவது தூக்கி, நாலாபக்கமும் வலை மட்டும் அடித்துத் திறந்து விடுங்கள்.

திறந்த முற்றத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. முற்றம் எண்பது சதுரடிதானே என்று இரண்டு அங்குலக் குழாய் வைப்பார்கள். சுற்றுக் கூரையும் உள்நோக்கித்தானே சரிகிறது? எல்லாம் சேர்ந்து அறுநூறு சதுரடி என்றால், ஒரு அங்குல மழைக்கு வந்து விழுவது சுமார் 1,400 லிட்டர். ஒரு மாவிலை போதும், குழாய் அடைத்துக் கூடத்துக்குள் தண்ணீர் ஏற. நான்கு அங்குலக் குழாய் இரண்டு, எதிரெதிர் மூலைகளில். தரை வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். கூடத்துத் தரையைவிட முற்றம் ஒன்பது அங்குலம் தாழ்வு. அந்தத் தாழ்வு தண்ணீருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதன் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறார்களே, அதற்கும் அதுதான்.

முதலில் சொன்ன சுண்ணாம்புக் கோட்டுக்குத் திரும்புகிறேன். சுவர் எழும்பும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, செலவு அதிகமில்லை. வானம் தோண்டுவதற்கு முதல்நாள், கூடத்தின் நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பு நடுங்கள். ஏழடியில் கயிறு கட்டிப் பழைய புடவைகளைத் தொங்கவிடுங்கள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் இடைவெளி விட்டு, ஜன்னல் அடிமட்டத்தில் ஒரு கயிறு குறுக்கே கட்டுங்கள். உள்ளே ஒரு நாற்காலி போட்டுக் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். வெயில் முகத்தில் அடிக்கிறதா, வாசலில் நிற்பவர் நேராக அடுப்படியைப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். புடவை எந்தப் பக்கம் உள்ளே உப்புகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னலை அந்தப் பக்கம் நகர்த்த அன்றைக்கு ஆகும் செலவு ஒரு பிடி சுண்ணாம்பு.

வணக்கம்.