எதிர்காற்றில் நெஞ்சு வலி, திரும்பும்போது வலியே இல்லை! சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்

[திரையில்: விடியும் நேரம், சிறுவாணி சாலை, சைக்கிளின் முன் விளக்கு]

ஜூலை மாதம், காலை ஐந்தே முக்கால். கோவை பேரூரைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. மாதம்பட்டி தாண்டியதும் நெஞ்சுக்கு நடுவில் ஒரு அழுத்தம். குத்தல் இல்லை, எரிச்சல் இல்லை. யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்குவது போல இருந்தது. ஆலாந்துறையில் ஒரு டீக்கடை ஓரம் நின்றேன். மூன்று நிமிடத்தில் சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது அதே சாலை, அதே தூரம், அதே சைக்கிள். வலியே இல்லை.

அடுத்த ஞாயிறும் இப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும் இப்படித்தான்.

போகும்போது வலி, வரும்போது வலி இல்லை. என்ன நோய் என்பதற்கான முக்கியத் துப்பு அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அது எப்படி என்று இந்த வீடியோவில் சொல்கிறேன். தயவுசெய்து பாதியில் போய்விடாதீர்கள், நடுவில் இதயத்தைப் பற்றி ஒரு விஷயம் வருகிறது. எனக்கு அது தெரிந்த நாளில் இரவு தூக்கமே வரவில்லை.

வணக்கம் நண்பர்களே. எனக்கு வயது 47. சிகரெட் கிடையாது. ஒன்றரை வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், 11 கிலோ குறைத்திருக்கிறேன். அதனால் வலி வந்தபோது இதயம் என்ற நினைப்பே வரவில்லை. குழுவில் இருந்த தம்பி சொன்னான், "கேஸா இருக்கும்ங்ணா, ஒரு சோடா குடிங்க." வீட்டில் அம்மா பெருங்காயம் போட்டு மோர் கொடுத்தார். நம் ஊரில் நெஞ்சு வலிக்கு முதலில் வைக்கிற பெயர் வாயு. அந்தப் பெயரை வைத்துவிட்டால் மனசுக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, காற்றுக்கு வருவோம்.

[திரையில்: இரண்டு சைக்கிள் படம், எதிரெதிர் திசையில் அம்புக்குறி]

நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள். எதிர்காற்றும் 20 கிலோமீட்டர். அப்படியென்றால் உங்கள் உடம்பில் மோதுகிற காற்றின் வேகம் 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கு என்றால் தடை நான்கு மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகுப் பக்கம் வருகிறது, நீங்களும் அதே 20 கிலோமீட்டரில் வருகிறீர்கள். இப்போது காற்றின் தடை ஏறக்குறைய பூஜ்யம்! ஒரே சாலையில் ஒரு பக்கம் நான்கு மடங்கு காற்றுத் தடையை எதிர்த்து இதயம் உழைக்க வேண்டும், மறுபக்கம் அந்தத் தடையே இல்லை. வாயுவுக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாது. உழைப்பு கூடும்போது வந்து, நிறுத்தினால் போகிற வலி இதயத்தைப் பார்க்கச் சொல்கிற வலி.

இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் ரத்த ஓட்டம் அடைபட்டு இதயத் தசை சாகத் தொடங்குகிறது. ஆஞ்சைனாவில் தசை பட்டினியில் அழுகிறது, ஓய்வு கொடுத்தால் பசி அடங்குகிறது. 1768-லேயே லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதைத் தெளிவாக விவரித்துவிட்டார். நடக்கும்போது வரும், மேட்டில் ஏறினால் இன்னும் வரும், சாப்பிட்டவுடன் நடந்தால் வரும், நின்றால் மறையும் என்று. இ.சி.ஜி. இல்லை, ஸ்கேன் இல்லை, நோயாளி சொன்னதைக் காதால் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். ஹெபர்டனை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இன்னொரு முறை வருவார்.

இப்போது நான் சொன்ன அந்த விஷயம்.

இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது. அதற்கு யார் ரத்தம் கொடுப்பது? அதுவேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். பெருந்தமனி தொடங்குகிற இடத்திலேயே இரண்டு குழாய் பிரிந்து இதயத்தின் மேல் படர்கின்றன. பெரிய கிளைகளின் விட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர். உங்கள் சைக்கிளில் கியர் கேபிளின் வெளியுறையைத் தொட்டுப் பாருங்கள், அதன் தடிமன் 4 மில்லிமீட்டர். அவ்வளவுதான் நண்பர்களே! சிறுவாணி வரை உங்களைக் கொண்டுபோகிற இதயத்துக்குச் சாப்பாடு வருகிற குழாய் அந்த அளவுதான்.

இன்னும் இருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு மட்டும் இது தலைகீழ். சுருங்கும்போது தசை தன் குழாய்களைத் தானே நசுக்கிவிடுகிறது. அதனால் பெரும்பகுதி ரத்தம் அது தளர்கிற நேரத்தில்தான் உள்ளே போகிறது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும்போது அவர் சாப்பிட முடியாது. இரண்டு பந்திக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில்தான் அவருக்கு ஒரு வாய்.

இப்போது கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 1 வினாடி. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருக்கம், மூன்றில் இரண்டு பங்கு தளர்ச்சி. எதிர்காற்றில் 150 துடிப்புக்குப் போகிறீர்கள். இப்போது ஒரு துடிப்புக்கு 0.4 வினாடிதான். துடிப்பு வேகமாகும்போது அதிகமாகக் குறைவது தளர்கிற நேரம்தான். வேலை கூடக் கூடச் சாப்பிடுகிற நேரம் குறைகிறது! பந்தி மேல் பந்தி வந்தால் பரிமாறுகிறவர் கதி என்ன, அதுதான்.

மற்ற தசைகள் அவசரத்துக்கு ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசை அமைதியாக இருக்கும்போதே தனக்கு வருகிற ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கையிருப்பு கிடையாது. கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும், குழாய் விரிந்தே ஆக வேண்டும். உள்ளே கொழுப்புப் படிந்து பாதி அடைத்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகக் குழாயின் விட்டத்தில் 70 சதவீதம் அளவுக்குச் சுருங்கும்போதுதான் உழைப்பில் வலி வருகிறது. அதாவது முதல் வலி வருகிற நாளில் நோய்க்குப் பல வருட வயது ஆகியிருக்கும்.

சைக்கிள்காரர்களை ஏமாற்றுகிற இன்னொன்று. "முதல் அஞ்சு கிலோமீட்டர் பிடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் உடம்பு சூடானா போயிடும்." எத்தனை பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! ஆஞ்சைனாவிலும் அப்படி நடக்கும். முதலில் வலித்து, கொஞ்சம் நின்று மறுபடி ஓட்டினால் குறையும், சிலருக்கு ஓட்டிக்கொண்டே இருந்தாலும் குறையும். மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. வலி போய்விட்டது என்பது இதயம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. கைக்கடிகாரத்தில் ஓய்வுத் துடிப்பு 52 காட்டுகிறது என்பதும் குழாய் சுத்தம் என்பதற்குச் சான்று ஆகாது.

அப்படியென்றால் சைக்கிளில் வருகிற எல்லா நெஞ்சு வலியும் இதயமா? இல்லை. ஹேண்டில்பாரில் குனிந்து குனிந்து விலாத் தசை பிடிக்கும், விரலால் அழுத்தினால் அதே இடம் வலிக்கும். சாப்பிட்டுவிட்டுக் குனிந்து ஓட்டினால் அமிலம் மேலே ஏறி எரியும். ஆஸ்துமாவிலும் நெஞ்சு இறுகும். ஆனால் எது எது என்று முடிவு செய்கிற வேலை நமக்கில்லை. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலி தெளிவாக இல்லாமல் மூச்சு வாங்குவதும் களைப்பும் தாடை வலியுமாகவே வரலாம்.

சரி, பரிசோதனை. ஐந்தாவது வாரம்தான் போனேன். இ.சி.ஜி. நார்மல். எக்கோ நார்மல். எனக்கு ஒரே சந்தோஷம், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். டாக்டர் அம்மா உட்காரச் சொன்னார். "உங்களுக்கு உட்கார்ந்திருக்கும்போது வலிக்குதா? இல்லையே. உட்கார வைத்து எடுத்த இ.சி.ஜி. எப்படி அதைக் காட்டும்?" இந்தக் கேள்விக்காகவே அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

[திரையில்: டிரெட்மில், நெஞ்சில் ஒட்டிய வயர்கள்]

அடுத்தது டி.எம்.டி., அதாவது டிரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கிற இ.சி.ஜி. இன்றும் பல இடங்களில் பின்பற்றுவது அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறையை. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் சரிவு 10 சதவீதம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏறும், சரிவும் ஏறும். இரண்டாவது கட்டம் 12 சதவீதம், மூன்றாவது 14. மூன்றாவது கட்டத்தில் எனக்கு ஆலாந்துறை வலி வந்தது. அதே இடம், அதே உள்ளங்கை. திரையில் கோடு கீழே இறங்கியதைப் பார்த்து உடனே நிறுத்தினார்கள். பிறகு ஆஞ்சியோகிராம், ஒரு கிளையில் அடைப்பு, மாத்திரைகள், சில மாதம் கண்காணிப்பில் நடைப்பயிற்சி. அந்தக் கதை பெரியது, இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது. நான் ஞாயிறு தவறாமல் டயரில் காற்று எவ்வளவு என்று பார்க்கிறவன், பத்து வருடமாகக் கொழுப்பு எவ்வளவு என்று ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த வாரமே பாருங்கள்.

"அப்புறம் எதற்குச் சைக்கிள் ஓட்டுகிறோம், உடற்பயிற்சியே வேண்டாமே" என்று யாராவது கமெண்ட் போடப் போகிறார்கள். அவர்களுக்கு லண்டன் பஸ் கதை. இரண்டு மாடிப் பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குவார், ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படி. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இரண்டு தரப்பையும் ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, உயிர்ப்பலியும் குறைவு. ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே லண்டன்! பிறகு அவர் விடவில்லை. நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவைத் தேடிப் போனார். டிரைவர்களின் இடுப்பு அளவு கண்டக்டர்களைவிடப் பெரியது. வேலைக்கு வரும்போதே இடுப்பு பெரிதாக இருந்தவர்கள்தான் டிரைவர் ஆனார்களோ என்ற சந்தேகத்தையும் மறைக்காமல் அவரே எழுதினார். தன் முடிவைத் தானே சோதிக்கிற இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதையும் கணக்கில் எடுத்த பிறகும் கண்டக்டர் பக்கம்தான் நன்மை நின்றது.

இப்போது ஹெபர்டன். அவருடைய நோயாளிகளில் ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பது என்று வைத்துக்கொண்டார். ஏறக்குறைய குணமாகிவிட்டார் என்று ஹெபர்டன் எழுதியிருக்கிறார். இன்றைக்கு இதய நோயாளிகளை அளந்து அளந்து நடக்க வைக்கிறார்களே, அது அந்த மரம் அறுத்தவர் தானாகக் கண்ட வழி. ஆனால் வலியோடு அறுக்காதீர்கள், வலியோடு மிதிக்காதீர்கள். முதலில் டாக்டர், பிறகு சைக்கிள்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். வலி வந்தால் உடனே இறங்கி உட்காருங்கள். ஓய்வு எடுத்தும் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், வியர்த்துக் கொட்டினால், தாடைக்கோ கைக்கோ பரவினால், மூச்சுத் திணறினால், சும்மா இருக்கும்போதே வந்தால் 108. வீடு வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், பைக்கை எடுக்காதீர்கள். கிராமப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ்நாட்டில் 2023-இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் ஓட்டுகிற பாதையில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் குழுவில் 34 வயதுத் தம்பி ஒருவன் மாதம்பட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். "ஒண்ணுமில்லீங்ணா, நீங்க போங்க" என்றான். ஏழு பேரும் இறங்கினோம். காரை வரவழைத்து அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, விலாத் தசைப் பிடிப்பு என்றார் டாக்டர். "ஒண்ணுமில்லாததுக்கு எல்லாரோட ஞாயித்துக்கிழமையையும் கெடுத்துட்டேனே" என்று கூச்சப்பட்டான். மருத்துவமனை வாசலில் இருந்த கடையில் எட்டுப் பேரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். எனக்கு அதுதான் இந்த வருடத்தின் நல்ல ஞாயிறு.