பேன் பார்க்கச் சொன்ன கிழவி

வணக்கம் நேயர்களே. வைகாசி பிறந்துவிட்டது. முல்லைத்தீவுப் பக்கம் இனி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைத் தவிர வேறு பேச்சு இராது. அந்தக் கோயிலின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அதில் பேன் வருகிற இடத்தை நாங்கள் வெட்கப்பட்டு வேகமாகத் தாண்டிவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு குறை.

நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். பசி என்கிறாள். பொடியள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டதும் விளக்கு வைக்கச் சொல்கிறாள். எண்ணெய்க்கு எங்கே போவது? கடல்நீரை விட்டுக் கொளுத்துங்கள் என்கிறாள், எரிகிறது. அப்புறம்தான் அந்த இடம். "தலை கடிக்குது, பேன் பாருங்கோ." மயிரை விலக்கினால் தலையெல்லாம் கண். திகைத்து நிமிர்ந்தால் ஆளைக் காணவில்லை. வந்தது கண்ணகி.

இன்றைக்கும் சிலாவத்தைக் கடலில் உப்புநீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறோம். தண்ணீர் எரிகிற அதிசயத்துக்குத்தான் கூட்டம். சரி, அது அதிசயம்தான். எனக்கு என்னவோ பேன்தான் பெரிதாகப் படுகிறது. மதுரையை எரித்தவள் வன்னிக்கு வந்து கேட்டது, ஒரு வாய்ப் புக்கையும் பேன் பார்க்க ஒரு கையும். அந்தப் பிள்ளைகளும் அம்மன் என்று தெரிந்து பார்க்கவில்லை. கிழவிக்குத் தலை கடித்தது, பார்த்தார்கள். எட்ட நின்று கும்பிட்டிருந்தால் அந்தக் கண்கள் தெரிந்திருக்குமா?

2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது இந்தக் கதை எனக்கு அடிக்கடி நினைவு வரும். தண்ணீருக்குக் கான்களை வரிசையில் வைத்துவிட்டு நாங்கள் எல்லாரும் நிழல் தேடிப் போய்விடுவோம். ஒரு ஆச்சி மட்டும் வெயிலில் நிற்பா. வரிசை நகர நகர, ஆருடைய கான் என்று பாராமல் ஒவ்வொன்றாகக் காலால் தள்ளித் தள்ளி முன்னால் விடுவா. ஆரும் சொல்லிச் செய்ததில்லை. அவ இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு நாலு சண்டை வந்திருக்கும்.

ஒருநாள் கேட்டேன், "ஆச்சி, உங்கட கான் எது?"

"அந்தா, கடைசியில கிடக்கு தம்பி. எனக்கென்ன, ஒரு வயிறுதானே."

பெயர் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த கிழமை எங்களை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.